ஏழாம் அத்தியாயத்தின் பூட்டு

என் தொடர்கதையின் முதல் ஆறு அத்தியாயங்கள் இலவசம். ஏழாவதுக்குப் பூட்டு. வாசகர் காசு கொடுத்து வாங்கும் டோக்கனில் இரண்டைப் போட்டால் திறக்கும். கதையை வெளியிடும் இணையதளத்தின் விதி: ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நூறு பேர் திறந்தால் டோக்கன்கள் பணமாகி எனக்கு வரும். திறக்காவிட்டால் டோக்கன் வாசகருக்கே திரும்பிப் போகும், தொடர் நிற்கும்.

அப்பாவின் விதி இன்னும் எளிமையானது. நூறு வந்தால் எழுதலாம். வராவிட்டால் திங்கள் முதல், கல்லூரி விட்டதும் பெரியப்பாவின் டயர் கடை.

சனிக்கிழமை மதியம் முப்பத்தெட்டு பேர் திறந்திருந்தார்கள். அதில் இலக்கியத்துக்காகத் திறந்தவர்கள் எத்தனை, என் பைக்கை இரவல் வாங்குபவர்கள் எத்தனை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மா வெங்காயம் நறுக்கியபடி சித்தியுடன் பேசிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன் கதைல சித்தி வர்றாளான்னு கேக்குறா."

"வரலம்மா."

"அதைத்தான் சொன்னேன். ஒண்ணும் இல்லேன்னா எதுக்குப் பூட்டி வெச்சிருக்கான்னு கேக்குறா. இரு, எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்."

நான் எழுந்திருப்பதற்குள் எண்பத்து நாலு பேர் இருக்கும் குடும்பக் குழுவில் செய்தி போய்விட்டது: 'என் மகன் கதை எழுதுகிறான். அதில் நம் குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. குறிப்பாக ஏழாவது அத்தியாயத்தில் இல்லை. யாரும் கவலைப்பட வேண்டாம்.'

கால் மணி நேரத்தில் முப்பத்தெட்டு ஐம்பத்தொன்றானது. எங்கள் குடும்பத்தில் இத்தனை பேருக்கு மனசாட்சி உறுத்துகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தை போன் செய்தாள்.

"முழுசாப் படிச்சுட்டேன். நான் இல்ல. உங்க மாமாவுமா இல்ல?"

"இல்ல அத்தை."

"அவரையாவது போட்டிருக்கலாம்."

ஞாயிறு மாலை ஐந்தே முக்காலுக்குத் தொண்ணூற்றொன்பது. அங்கேயே நின்றுவிட்டது. அப்பா கடிகாரத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து ஐம்பதுக்குப் பெரியப்பா அழைத்தார். செய்தித்தாளைக்கூட முடிவெட்டும் கடையில் ஓசியில் படிப்பவர்.

"டேய், இந்த டோக்கனை எங்கடா போடணும்?"

இவரும் தன்னைத் தேடித்தான் வருகிறார் என்று நினைத்தேன். கதையில் இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே திறந்துவிடுவார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பெரியப்பா, கதைல நீங்க இல்ல."

அப்பா என்னை அபூர்வப் பிராணியைப் போலப் பார்த்தார்.

"நான் எதுக்குடா அதுல? ஆறு வரைக்கும் படிச்சுட்டேன். அந்த லிஃப்ட் மெக்கானிக் மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறான். உங்க பெரியம்மா ஏழாவதைப் படிச்சுட்டு, என்ன ஆச்சுன்னு கேட்டா சிரிக்கறா. அவன் வெளில வர்றானா இல்லையா?"

"படிச்சுப் பாருங்க."

"கல்நெஞ்சுக்காரன்டா நீ."

எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னேன். ஐந்து ஐம்பத்தாறுக்குத் திரையில் நூறு என்று வந்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு வரி: 'உங்கள் தொடருக்கு இனி வருமானம் உண்டு.' அம்மா குழுவில் நன்றி போடப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறரைக்குப் பெரியப்பா மறுபடியும் அழைத்தார்.

"எட்டாவது எப்ப?"

"இனிமேதான் எழுதணும் பெரியப்பா. அதுக்குள்ள வேணும்னா நாளைக்குக் கடைக்கு..."

"கடைப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன். உக்காந்து எழுது."

ஸ்பீக்கரில் எல்லாமே அப்பாவுக்குக் கேட்டது. அவர் எழுந்து, என் மேஜையை மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த இஸ்திரித் துணிகளை அள்ளித் தன் கட்டிலில் போட்டுவிட்டு, விளக்கைப் போட்டார்.