போணிக்கு வந்த ஐயர்

“யக்கா, உள்ள போ! வண்டி கெளம்பற நேரத்துல எதுக்க வந்து நிக்காதே, சொல்லிட்டேன்!”

மண்ணாங்கட்டி கத்திய கத்தலில் சாந்தோம் குப்பத்து நாய்கள்கூட எழுந்து உட்கார்ந்தன. இட்லிச் சட்டியோடு வாசலில் நின்ற கெங்கம்மாவின் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அக்காளை உள்ளே தள்ளிக் கதவுச் சங்கிலியை வெளியே மாட்டினான். இட்லி மங்களகரமானது. அவித்தவள் தாலி அறுத்தவள்.

ஆண்பிள்ளைகள் தங்காத வீட்டில் எமனை ஏமாற்ற வைத்த பெயர் மண்ணாங்கட்டி. எமன் ஏமாந்தானோ என்னவோ, பெயர் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அது கெங்கம்மாவின் வண்டி. புருஷனைக் கடல் கொண்டுபோனபின், கட்டுமரங்கள் கிளம்பும் வேளையில் அவள் கரைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார்கள். கூடை வைத்து மீன் விற்கப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால்தான் புருஷனுடைய கட்டுமரத்தை விற்றுவிட்டு, குதிரை செத்துப்போன குலாம் ரசூலின் ஜட்காவை வாங்கி, அதில் அடுப்பு வைத்துத் தள்ளுவண்டியாக்கினாள். இன்றுமுதல் லஸ் முனையில் டிராம்காரர்களுக்கும் ரிக்‌ஷாக்காரர்களுக்கும் காலையில் இட்லியும் நெத்திலிக் குழம்பும் விற்க வேண்டும். இது ஓடாவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. மாவு பொங்குமா, குழம்பு நாலு பேருக்குப் பிடிக்குமா என்று இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தாள். தன் முகத்தைப் பற்றி மட்டும் அவள் கவலைப்படவில்லை. அந்தக் கவலையைத் தம்பி முழுசாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியபின், வண்டியோடு போயிருந்த தம்பி பெண்டாட்டி தேசம்மா ஓடிவந்து சங்கிலியைக் கழற்றினாள்.

“யக்கா, ஒரு இட்லிகூட விக்கல! சட்டியைத் தொறக்கவே உடமாட்டேன்றாரு.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“போணி அந்த வக்கீல் குமாஸ்தா ஐயரு கையாலதான் ஆவணுமாம். அவரு இன்னும் வரல. வந்த ஜனமெல்லாம் திரும்பிப் போய்க்கினு கீது.”

குமாஸ்தா சந்திரமௌலி கைராசிக்காரர் என்று லஸ் வட்டாரத்தில் பேச்சு. அவர் முதல் காசு கொடுத்த வெற்றிலைக் கடைக்காரன் மாடி வீடு கட்டிவிட்டானாம். அதே கையால் போணியாகி மூடிக் கிடக்கும் கடைகளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. குப்பத்தார் சமைத்த இட்லியை ஐயர் தொடமாட்டார். காசை மட்டும் வைத்துவிட்டுப் போவதாகப் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டிருந்தார். பண்டத்தைத் தீட்டென்று ஒதுக்குகிறவர்தான் முதல் கிராக்கி. மண்ணாங்கட்டிக்கு அதிலும் பெருமைதான்.

கெங்கம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லஸ்ஸுக்கு நடந்தாள். அங்கே வண்டியைச் சுற்றிச் சிலர் இன்னும் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ரிக்‌ஷாக்காரக் குப்பன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“நைனா, விடிஞ்சதுலேர்ந்து வயிறு காயுது. ரெண்டு இட்லி குடுத்துடு.”

“ஐயரு வரட்டும்டா!”

கெங்கம்மா நேரே வந்து சட்டியின் மூடியைத் திறந்தாள்.

“யக்கா! நீ இன்னாத்துக்கு வந்தே? உன் கையால போணி ஆனா வெளங்குமா?”

“மாவு அரைக்க சொல்லோ இதே கைதானேடா? அப்ப நல்லா கீதுன்னு கம்முனு இருந்தியே!”

குப்பன் காசை எடுத்து நீட்டினான். “யாரு கையா இருந்தா இன்னா? போடு யம்மா!”

அவன் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னும் நாலு கைகள் நீண்டன. அப்புறம் டிராம் டிப்போ ஆட்கள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். குழம்பை ஊற்றி ஊற்றிக் கெங்கம்மாவுக்குக் கை வலித்தது. இத்தனை நாள் கழித்து ஜனம் தன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஆனாலும் விழுந்த காசை எல்லாம் ஒழுங்காக வாங்கிப் போட்டுக்கொண்டான்.

சட்டி காலியானபின் சந்திரமௌலி வந்தார். அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டவே நின்றார்.

“என்னடா, அதுக்குள்ள கடையைத் திறந்துட்டியா? ஆத்துல கொஞ்சம் நாழியாயிடுத்து. இந்தா, பிடி.”

எறிந்த காசை மண்ணாங்கட்டி இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்துக் கூவினான்.

“பாத்தீங்களா ஐயரு கைராசிய? மொத நாளே சட்டி காலி!”

அவர் வருமுன்பே தின்று முடித்தவர்கள் அவர்கள். அந்த வாய்களே “ஆமாமா, ராசியான கை” என்று தலையாட்டின. குப்பன்கூட இலையை எறிந்துவிட்டு ஐயருக்கு ஒரு கும்பிடு போட்டான். கெங்கம்மா காலிச் சட்டியை டணாரென்று மூடினாள்.

மண்ணாங்கட்டி அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “இன்னிக்கி ஐயரு புண்ணியத்துல தப்பிச்சோம். நாளைக்கி நீ வூட்டவுட்டு வராதே, யக்கா.”

கெங்கம்மா அடுப்பை அணைத்தாள். வண்டியின் முன்புறம் போய், குதிரை பூட்டும் கட்டைகள் இரண்டையும் கையில் பிடித்தாள்.

“நாளைக்கும் நான்தான் முன்னால இழுத்துக்கினு வருவேன். என் மூஞ்சிய பாக்க ஒனக்கு ஆவாதுன்னா, நீ வூட்டுல இரு. வண்டி என்னுது. இப்ப தள்ளு.”

கச்சேரி ரோடு நெடுக அவள் முன்னால் நடந்தாள். எதிரே வந்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி தலையைக் குனிந்துகொண்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனான்.