ஆறு அவளை

1

இந்தக் கதை ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் கம்பெனி கேபில் பிறந்தது. விடியலைப் பற்றி எழுத ஆசை. விடியலில் எழுத நேரமில்லை. எனவே ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சேவாடியிலிருந்து திரும்பும் நெரிசலில், மறுநாள் காலை ஆறு எப்படி இருக்கும் என்று ஃபோனில் முன்கூட்டியே எழுதிவைப்பேன். விடிந்ததும் வீட்டருகே சாங்வி ஆற்றங்கரைக்குப் போய்ச் சரிபார்ப்பேன்.

(மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லோரும் விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு கேப் வருவதில்லை.)

2

முதல் தொடக்கம்: "ஆற்றின்மேல் பனி ஒரு—" வேண்டாம்.

இரண்டாவது: "மீன்கொத்தி நீருக்குள் பாய்ந்தது. மேலே வரவில்லை."

மறுநாள் அறைத்தோழி ப்ரீதியும் உடன் வந்தாள். மீன்கொத்தி பாய்ந்தது. நீர் மூடிக்கொண்டது.

"எங்கடி போச்சு?" என்றாள்.

"அந்தப் பக்கமா பறந்திருக்கும்."

"நான் கண்ணையே எடுக்கலடி. உள்ளதான் இருக்கு."

3

சோதித்துப் பார்க்க எழுதினேன்: கொக்குகள் எல்லாம் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன.

நின்றன. ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

"உன்மேல கோவம் போல. ஏதாச்சும் கிறுக்கி வச்சியா?" ப்ரீதி சிரித்தாள்.

[நான் எழுதுவது நடக்கிறது என்பதை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. பொய்யாக இருந்ததால் அழித்துவிட்டேன். அவ்வளவு அழகான விடியலை நான் பார்த்ததே இல்லை, அதுதான் காரணம்.]

4

நேற்று, கதைக்கு ஒரு மனித உயிர் வேண்டுமே என்று எழுதினேன்: "விடியலில் ப்ரீதி ஆகாயத்தாமரைகளை விலக்கிக்கொண்டு நீரில் இறங்கினாள். ஆறு அவளை"

அதற்குள் வீடு வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

இன்று விழித்தபோது அவள் படுக்கை காலி. ஆற்றுக்கு ஓடினேன். முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தாள்.

"ப்ரீதி! மேல வாடி!"

"கால் வரமாட்டேங்குது." குரலில் பயம் இல்லை. "தண்ணி இழுக்கவும் இல்லடி. என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

5

கரையிலிருந்து ஃபோனில் தட்டுகிறேன். இறங்கிப் பிடித்து இழுத்தாயிற்று, அசையவில்லை. "இறங்கினாள்" என்பதை அழித்தேன். அவள் கால்கள் மங்கின. அவசரமாகத் திரும்ப எழுதினேன்.

முடிவு ஒன்று: ஆறு அவளை விட்டுவிட்டது. (எந்த நிலையில்?)

முடிவு இரண்டு: ஆறு அவளைக் கரை சேர்த்தது. (பிணத்தையும் சேர்க்கும்.)

முடிவு மூன்று: ஆறு அவளைத் த

இல்லை.

"குளிருதுடி. சீக்கிரம் ஏதாச்சும் செய்."

நான் செய்யப்போவதில்லை. என் கற்பனையை எனக்குத் தெரியும். அழகாக இருந்தால் போதும் அதற்கு. ஆனால் இதைப் படிக்கும்போதே உங்கள் மனதில் ஒரு சொல் வந்து அந்த வாக்கியத்தை முடித்திருக்கும். நல்ல சொல்தானே?

ப்ரீதி மெல்லத் திரும்புகிறாள். என் பக்கம் அல்ல, உங்கள் பக்கம்.