வீடுகள் தள்ளி நின்ற சந்து

டெல்லி துவாரகாவுக்குப் பின்னால், பாலம் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு சந்தில், ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இரு வரிசை வீடுகளும் மூன்று முழம் பின்னால் நகர்ந்தன. சுவர் எதுவும் விரிசல் விடவில்லை. அடுப்பிலிருந்த பால்கூடத் தளும்பவில்லை.

நகரச் சொன்னவள் ஃபெபி. நாசரேத்தில் பிறந்தவள், டெல்லியில் நர்ஸ். காசநோயாளிகளைத் தேடிப்போய் மாத்திரை கொடுப்பது அவள் வேலை. அவளிடம் மாத்திரை வாங்கியவர்களில் இரண்டு பேர் தமிழ்ப் பெண்கள். சொசைட்டி ஃப்ளாட்டின் எட்டாவது மாடியில் வத்சலா. அந்த வீட்டிலேயே பாத்திரம் தேய்த்த ராஜி. வத்சலா பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே ஆறு மாதத்தில் தேறிவிட்டார். ராஜிக்கு நோய் மூன்றாவது முறையாகத் திரும்பியிருந்தது. அந்தச் சந்திலிருந்த அவளுடைய தரைத்தள அறையில் மத்தியானமும் டியூப்லைட் எரிந்தது. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் கை இடிக்கும்.

"அதே மாத்திரதான, சிஸ்டர், மேடமும் சாப்ட்டாங்க? எனக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்று ராஜி கேட்டபோதெல்லாம் ஃபெபி பேச்சை மாற்றுவாள்.

அந்த வியாழக்கிழமை ராஜி ரத்தமாக இருமினாள். ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் சந்துக்குள் திரும்பவில்லை. ராஜியின் கணவன் செல்வராஜ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் உரசி உரசி நடந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஃபெபிக்குப் பொறுக்கவில்லை. பஸ் நெரிசலில் பேசுவதுபோல வீடுகளைப் பார்த்துக் கத்தினாள்: "வழியும் இல்ல, வெளிச்சமும் இல்ல! கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் என்ன?"

தள்ளி நின்றன. வெயில் நேராக ராஜியின் முகத்தில் இறங்கியது.

அறைகள் சிறுத்துவிட்டனவா என்று எல்லோரும் பார்த்தார்கள், இல்லை. மாநகராட்சி இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து, வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போனார். முனைவீடு மட்டும் அசையவில்லை. "ஒரு இஞ்ச்கூட நகராது, சிஸ்டர்ஜி" என்றார் அதன் சொந்தக்காரர். ஃபெபி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவள் பேச்சை அந்த வீடு கேட்கவில்லை.

ராஜி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். சன்னலில் காற்று, கட்டிலில் வெயில், அதே மாத்திரை. ஹோலிக்குள் உடம்பு தேறிவிட்டது. ஒருநாள் தானாகவே முனைவரைக்கும் நடந்துபோய், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "பையா, ஜரா கிஸ்கோ. அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோ. நாங்களும் இங்கதான் இருக்கோம்."

வீடு நகர்ந்தது. மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரரும் சேர்ந்து நகர்ந்தார். "அச்சா, அச்சா" என்றார், கிளாஸைப் பிடித்துக்கொண்டு. சந்தே கைதட்டியது. ஃபெபி தன் பெண்ணே பரிசு வாங்கியதுபோல நிமிர்ந்து நின்றாள்.

இப்போது ஆம்புலன்ஸ் வாசல்வரை வருகிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வாடகையும் தண்ணீர் வரும் நேரமும் சொன்ன பிறகு, வீடு எப்போதாவது நகரும், பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.