ஐந்தாவது வரி

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பொருளாளர் கையை உயர்த்தி, "போதும் அண்ணி" என்றார். மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தவள் நான்காவது வரியின் கடைசிச் சொல்லை அப்படியே விழுங்கினாள். விழுங்கிப் பழகிய தொண்டை அது. சன்னலுக்கு அப்பால் ஏதோ பட்டறையில் இரும்பை அறுக்கும் ஓசை மட்டும் நிற்காமல் தொடர்ந்தது. அதை நோக்கிக் கையை உயர்த்த யாராலும் முடியவில்லை.

"கேட்டீங்களா தலைவரே? பின்பாட்டுக்கு நாம தனியா ஆள் தேட வேண்டாம். பட்டறைக்காரனே பாடிடுவான்."

"இது ஆகாது. வாங்க, அடுத்ததைப் பார்ப்போம்."

இருவரும் எழுந்து வெளியே நடந்தார்கள். இறங்கி வா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த காரின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

தலைவர் அவளுடைய கணவனின் தம்பி. ஒட்டுப்பலகை வியாபாரி, இசைக் கழகத்தை நிறுவியவர். அவர் அண்ணி என்று அழைத்ததைக் கேட்டு, அவளைவிட வயதில் மூத்த பொருளாளரும் அண்ணி என்றார். பிறகு கழகம் முழுவதற்கும் அவள் அண்ணியானாள். கோடைதோறும் மூன்று நாள் விழா நடத்தும் அந்தக் கழகத்துக்குச் சொந்தமாக ஓர் அறைகூடக் கிடையாது. ஒரு வருடம் நடத்திய மண்டபம் மறு வருடம் இடிபட்டுக் கடையாகிவிடும். இடிபடாவிட்டால் வாடகை இரண்டு மடங்காகிவிடும். ஆகவே வெயில் தொடங்கியதும் இடம் தேடும் படலமும் தொடங்கிவிடும். மைக்கை வைத்துவிட்டால் எந்த மண்டபமும் பொய் சொல்லும் என்பது தலைவரின் கொள்கை. வெறுங்குரலில் ஒருவர் பாட, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டால்தான் இடத்தின் யோக்கியதை தெரியும் என்பார்.

அந்த ஒருவர் அவள்தான். பல வருடங்களுக்கு முன்பு, வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டவர்கள், போகிற போக்கில் ஒரு மண்டபத்தில் நிறுத்தி, "அண்ணி, சும்மா நாலு வரி பாடுங்களேன்" என்றார்கள். அந்தச் சும்மா அதன்பின் வழக்கமாயிற்று. தச்சர் அளவு நாடாவை மறக்காமல் எடுத்துக்கொள்வதைப்போல ஒவ்வொரு கோடையிலும் அவளை எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் நாடாவைச் சுருட்டி வைப்பதுதானே முறை? விழா மேடையில் ஒருமுறைகூட அவளை ஏற்றவில்லை. ஊரிலுள்ள மண்டபங்கள் எல்லாவற்றிலும் பாடியவள் அவள் ஒருத்திதான். அவள் பாட்டைக் கேட்டவை எல்லாம் காலி நாற்காலிகள்.

அவள் எடுத்துக்கொள்ளும் பாட்டு எட்டு வரிப் பாட்டு. அதில் முதல் நான்கு வரிகள் வெறும் படிக்கட்டு. ஐந்தாவது வரியில் குரல் எழும்பி மேலே போய்க் கதவைத் திறக்கும்போதுதான் வீடு தெரியும். ஆனால் பொருளாளரின் கை எப்போதும் நான்காவது படியிலேயே உயர்ந்துவிடும். அவள் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை நோயாளிகள் வாசிக்க, பக்கத்தில் நிற்பது அவள் வேலை. நான்காவது வரியிலேயே கண்ணின் நிலை தெரிந்துவிடும். ஆனாலும் தட்டுத் தடுமாறிக் கடைசி வரிவரை போக நினைக்கிற யாரையும் அவள் ஒருநாளும் நிறுத்தியதில்லை. வெளியே வரிசை நீள்கிறது என்று மருத்துவர் முறைத்தாலும் நிறுத்தமாட்டாள்.

சென்ற கோடையில் விழா முடிந்த மறுநாள், அவள் வீட்டில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே தலைவர் வாய்விட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் முதல் நாள், முதல் கச்சேரி அண்ணிக்குத்தான். அண்ணா, நீயே சாட்சி." அவள் கணவன் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுபவர் என்றாலும், அன்று கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு வருடம் உழைத்தாள். பக்கத்து வீட்டாருக்குக் கேட்கக் கூடாதென்று, காலையில் சமையலறைப் புகைவிசிறியைச் சுழலவிட்டு, அதன் இரைச்சலுக்கு அடியில் பாடிப் பாடிப் பழகினாள்.

கார் நகர்ந்ததும் தலைவரின் கைப்பேசி ஒலித்தது. காரின் ஒலிபெருக்கியோடு அது இணைக்கப்பட்டிருந்தது. அவர் மகனை மணந்து புதிதாக வந்திருந்த மருமகளின் குரல் நான்கு கதவுகளிலிருந்தும் கேட்டது.

"மாமா, இடம் கிடைச்சுதா? முதல் நாள் முதல் பாட்டு எனக்குத்தானே? எங்க அம்மா எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

"உனக்கில்லாம யாருக்கும்மா? நீ தைரியமாப் புடவை எடு."

சொல்லி முடித்த பிறகுதான் பின் இருக்கையின் நினைவு அவருக்கு வந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தார். உடனே சாலையைப் பார்த்தார். பொருளாளர் காரணமில்லாமல் இருமினார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் பொண்ணு, ஆசைப்படுது. நீங்க வீட்டு ஆள்தானே."

"அவ யாரு தம்பி? பக்கத்து வீட்டு ஆளா?"

"அதுக்கில்ல அண்ணி. அவ பாட்டுக் கத்துக்க ஆரம்பிச்சே ரெண்டு வருஷம்தான். ஒரு ஊக்கம் வேணுமில்ல? உங்களுக்கென்ன, நீங்கதான் வருஷா வருஷம் பாடுறீங்களே."

கோபம் வந்தால் கத்துபவர்களைப் பார்த்து அவள் எப்போதுமே பொறாமைப்பட்டிருக்கிறாள். அவளுடைய கோபத்துக்கு வாய் கிடையாது. அது உள்ளேயே உலைநீராகக் கொதித்தது; மூடி மட்டும் அசையவில்லை. வருஷா வருஷம் பாடுகிறீர்களே! ஒப்புக்குச் சப்பாணியாக ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டதும் அல்லாமல், ஆடியதாகக் கணக்கும் எழுதிவிட்டார். ஏமாற்றியதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். பரிசு கொடுத்தவர் முகத்தோடு அதைச் சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த இடம், கோடை விடுமுறைக்காக மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் அரங்கம். தாழ்ந்த மேடை, மரத்தாலான உட்கூரை, கனத்த திரைகள். மேடையேறித் தொண்டையைச் செருமியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தச் செருமல் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், அமைதியாக உட்கார்ந்துகொண்டது, திரும்பி வரவில்லை. இத்தனை வருடங்களாக அவர்கள் தேடியலைந்த இடம் இதுதான். இங்கே பாடினால் முணுமுணுப்புக்கும் மரியாதை கிடைக்கும்.

இங்கே யார் பாடப்போகிறார்கள் என்பதும் அதே நொடியில் அவள் நினைவுக்கு வந்தது.

அவள் இரண்டு அடி பின்வாங்கித் திரையோரமாக நின்றாள். முகவாயை மார்போடு சேர்த்துக்கொண்டாள். சொற்களை உதட்டிலேயே நிறுத்தி, மூச்சை மட்டும் வெளியே அனுப்பினாள். சுருதி பிசகவில்லை, பாட்டில் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அது மேடையின் விளிம்பைத் தாண்டவில்லை.

"வரலியே அண்ணி. கடைசி வரிசைக்கு ஒண்ணுமே வரலியே" என்று பொருளாளர் காதருகில் கையைக் குவித்தார்.

"திரையெல்லாம் குரலைக் குடிக்குது" என்றார் தலைவர், ஆராய்ந்து கண்டவரைப்போல. "பள்ளிக்கூடம்னாலே இப்படித்தான். வேண்டாம்."

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடங்களாக இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இவர்கள் அல்லர். அவள் குரல் எதைச் சொன்னதோ அதையே இவர்கள் தீர்ப்பாக வாசித்திருக்கிறார்கள். அளவு நாடா பொய் சொன்னால் தச்சருக்குத் தெரியவா போகிறது?

மூன்றாவது இடம் வணிகர் சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, அண்டாவைக் கவிழ்த்ததுபோன்ற கூரை. நுழையும்போதே அவளுடைய செருப்போசை கூரைவரை போய், உருண்டு, இரண்டு செருப்போசைகளாகத் திரும்பி வந்தது. மற்ற இருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவர் குளிர்சாதனத்தின் கீழே சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். மற்றவர் மெத்தை நாற்காலியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இடம் தேடிப் போகிறவர்களின் காது வெயிலில் அடைத்துக்கொள்ளும். குளிர் பட்டதும் எதையும் நல்லதென்றே கேட்கும் போலும்.

அவள் மேடையின் முன்விளிம்புக்கு வந்தாள். தாழ்ந்த குரலில், பாட்டை அதன் இயல்பான நடையில் பாதிக்குக் குறைத்து, தொட்டில் ஆட்டுவதைப்போலப் பாடினாள். வல்லெழுத்துகளை மழுக்கினாள். ஒரு வரி முடிந்ததும், அதை மண்டபம் மென்று முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைக் கொடுத்தாள். எதிரொலி எல்லாம் இழைந்து தேனாக வழிந்தது. பொருளாளர் கண்களை மூடிக்கொண்டார். நான்காவது வரி முடிந்தபோது, மூடிய கண்களைத் திறக்காமலேயே கையை உயர்த்தினார்.

"போதும் அண்ணி. பிரமாதம்."

புகழும்போதுகூட நிறுத்திவிட்டுத்தான் புகழ்ந்தார்.

"இதான் இடம். குரல் எப்படி நிறைஞ்சு நிக்குது பாத்தீங்களா?" என்று தலைவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணி, நீங்க இங்கயே குளிர்ச்சியா உக்காருங்க. கீழ மேலாளரைப் பாத்துப் பேசி முடிச்சிட்டு வந்துடறோம்."

"எனக்கு முதல் வரிசையில ஒரு நாற்காலி போட்டுவைங்க தம்பி. மறந்துடாதீங்க."

"உங்களுக்கில்லாத நாற்காலியா அண்ணி?"

அவர்களுடைய செருப்போசை கதவைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியது. அவள் மேடையிலேயே நின்றாள். விழாவின் முதல் மாலை அவள் கண்முன் விரிந்தது. புதுப் புடவையில் மருமகள். பக்கத்தில் வயலின்காரர், தாளக்காரர். துரித நடையில் ஒரு பாட்டு. முதல் அடியை இரண்டாம் அடி துரத்த, இரண்டாம் அடிமேல் தாளம் விழ, எல்லாவற்றையும் இந்த அண்டா அரைத்துக் கூழாக்கிக் கூட்டத்தின் தலையில் ஊற்றும். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். நன்றாக ஊற்றட்டும். நினைக்க நினைக்க இனித்தது. அந்தப் பெண் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்தவள் அல்லள் என்பது தெரிந்திருந்தும் இனித்தது.

ஆனால் அந்த மாலையில் தான் எங்கே இருப்போம் என்று பார்த்தாள். முதல் வரிசையில், கேட்டு வாங்கிய நாற்காலியில், வாயை மூடிக்கொண்டு. விழா பாழானால் மண்டபத்தைத் திட்டுவார்கள். திட்டி முடித்து, அடுத்த கோடையில் வாசலில் காரை நிறுத்துவார்கள். "இந்தத் தடவை சரியாப் பாக்கணும் அண்ணி" என்பார்கள். அவள் செய்த வஞ்சமும் அவர்கள் அனுமதித்த நான்கு வரிக்குள்ளேயே அடங்கிப்போயிருந்தது. அது உறைத்தபோது, காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்ததன் மூடி மெல்ல எழும்பியது.

அவள் ஐந்தாவது வரியை எடுத்தாள்.

தாழ்த்தவில்லை, மழுக்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. புகைவிசிறிக்கு அடியில் ஒரு வருடம் மடித்து வைத்திருந்த குரலை முழுவதுமாக உதறி விரித்தாள். அது மேலே போய் அண்டாக் கூரையில் மோதி, நாலாபக்கமும் சிதறி, கண்ணாடிகளை அதிரவைத்து, வல்லெழுத்தெல்லாம் கல்லாகத் திரும்பி வந்து அவள்மீதே விழுந்தது. பாட்டின் ஒரு சொல்கூட விளங்கவில்லை. இவ்வளவு அவலட்சணமான ஓர் ஓசையை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டிருக்காது. மண்டபம் தன் உண்மையைச் சொல்லிவிட்டது, அவளும் சொல்லிவிட்டாள்.

படிக்கட்டில் செருப்போசை நின்றது. பிறகு அவசரமாக மேலேறியது. முதலில் பொருளாளரின் தலை கதவில் தெரிந்தது. அவர் தோளுக்குப் பின்னால், வாய் திறந்தபடி தலைவர். பழக்க தோஷத்தில் பொருளாளரின் கை தானாக உயர்ந்தது. அவள் அந்தக் கையை நேராகப் பார்த்தாள்.

கை உயர்ந்தபடியே நின்றது. ஐந்தாவது வரி இன்னும் கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருக்க, அவள் மூச்சை இழுத்து ஆறாவது வரியைத் தொடங்கினாள்.