நாக்குக்குத் தெரிந்தது

காலை மாத்திரையை மனைவியின் கையில் கொடுப்பதற்குப் பதிலாக, அவர் அதன் கூட்டை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு இடையில் வைத்துப் பிளந்தார். உள்ளங்கையில் பச்சைத் தூள் கொட்டியது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு நாக்கு நுனியால் தொட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நீர்ப்பிரமியோடுதான் பிழைப்பு. தழையை நிழலில் உலர்த்தி, அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து வடித்து, ஆவியாக்கி, குடுவையின் அடியில் மிஞ்சுகிற கரும்பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவரைக் 'கஷாயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கசப்பு நகக்கண்ணை விட்டுப் போகாது; சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாயிலேயே வந்து நிற்கும்.

மறதி நோய்க்கு அந்தச் செடி உதவுமா என்று நோயாளிகளிடம் சோதிக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது, மனைவியின் பெயரை முதல் ஆளாகக் கொடுத்தவர் அவர்தான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சாயம் போட்ட மாவு. யாருக்கு எது என்பது கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. மாத்திரையைத் திறந்து பார்க்க மாட்டேன் என்று அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மனைவி டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் பாதி எண்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவள், போன வருஷம் குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் ஈரத்தலையோடு நின்றாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் பேச்சு குறையக் குறைய, அவர் வானொலியைச் சத்தமாக வைக்கப் பழகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் சோதனைக்குக் கூட்டிப்போனார். அங்கே கேள்வி கேட்கிற பெண் ஒருத்தி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இன்றைக்கு என்ன கிழமை, கடிகாரம் வரையுங்கள் என்பதெல்லாம் முடிந்த பிறகும் அவளும் மனைவியும் மாமியார் கதை, செருப்புக் கதை என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் மாதம் ஒருநாள், அந்தப் பெண் நினைவில் வைக்கச் சொன்ன மூன்று வார்த்தைகளையும் மனைவி சொல்லிவிட்டு, தீயணைப்பு நிலையத்தின் பழைய எண்ணையும் சேர்த்துச் சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து மனசுக்குள் ஒரே அரிப்பு. சோதனை முடிந்தால் மாத்திரையும் நின்றுபோகும். இது அந்த மருந்துதான் என்று தெரிந்தால், ஆயுசு முழுக்கத் தன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்துவிடலாமே.

இப்போது நாக்கில் கசப்பே இல்லை. இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டார். வெறும் மாவு, பல்லில் ஒட்டியது.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் களிம்பு ஜாடியின் மூடியைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாசனை மூக்கில் ஏறியது. பிறகு மூடியைத் திருகிவிட்டு, இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்களா இப்படிப் பண்ணினீங்க?"

"மனசு கேக்கல மேடம்."

"இனிமே அவங்கள சோதனையில வச்சுக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும். நிஜ மருந்தையாவது கொடுக்கலாமா?"

"அது வேலை செய்யுதான்னே நமக்கு இன்னும் தெரியாதே, கஷாயம்." முதல் தடவையாக அந்தப் பெயரை அந்த அம்மா வாயிலிருந்து கேட்டார். அதில் கேலி இல்லை.

அவர் கதவு வரை போய்த் திரும்பினார். "வெள்ளிக்கிழமை மட்டும் வந்துட்டுப் போகட்டுமா? மாத்திரை வேண்டாம். சும்மா அந்தப் பொண்ணுகூடக் கொஞ்ச நேரம் பேசிட்டு..."

"அந்த நேரத்துக்கு வேற ஒருத்தர் வந்துடுவாங்க." அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி தானாகவே தலை வாரி, வெளியே போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். இன்றைக்கு இல்லை என்றார். அதற்கடுத்த வெள்ளியும் நின்றாள். மூன்றாவது வெள்ளி, தலை வாரவில்லை. அன்றைக்கு அவரே அவளுக்குத் தலை வாரிவிட்டார்; வகிடு கோணலாக வந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே புழுக்கம். தண்ணீர்த் தட்டுகளில் நீர்ப்பிரமி தழைத்துக் கிடந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். பிறகு, வழியில் சந்தித்தவரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்:

"நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களா?"

"ஆமா. ரொம்ப வருஷமா."

"வீட்ல யாரு இருக்கா?"

"மனைவி."

"தனியாவா விட்டுட்டு வந்தீங்க?" அவள் பதறினாள். "பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு தான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி, சரடு சரடாகத் தொங்குகிற ஒயர்களைப் பற்றி, அவரிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். இருவரின் மூச்சும் பட்டு, எதிரே இருந்த கண்ணாடிச் சுவர் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது.