அஞ்சுவின் வண்டி

மகள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செல்லத்தாய்க்குத் தெரிந்தது. அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அஞ்சு போலீசில் இருந்தாள். பந்தோபஸ்து என்றால் விடிவதற்கு முன்னால் வேனில் கொண்டுபோய் ரோட்டோரம் இறக்கிவிடுவார்கள். அமைச்சரின் கார் கடந்துபோகும் வரை, தேர் நிலைக்கு வரும் வரை, இறக்கிவிட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். ஆண்கள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அஞ்சுவும் அப்படித்தான் செய்தாள். அடிக்கடி காய்ச்சல் வந்தது, இடுப்பு வலித்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கடைசியில் சிறுநீரகத்தில் பிடித்த தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. காக்கி உடுப்போடு வந்தவர்கள் மாலை வைத்து சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

அவளுடைய அப்பா பொன்னுலிங்கம் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வாழைக்குலை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். மகள் போனபின் வியாபாரத்தை விட்டார். டெம்போ வீட்டு முன்னால் தூசி படிந்து கிடந்தது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அதை நாகர்கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போனவர், வெல்டிங் பட்டறையிலேயே பழியாய்க் கிடந்து வேலையை முடித்துத்தான் திரும்பினார். குலை ஏற்றிய இடத்தில் இப்போது தகரத்தில் ஒரு அறை இருந்தது. உள்ளே இரண்டு கக்கூஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, உட்கார ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி.

"இது என்னத்துக்கு?" என்று செல்லத்தாய் கேட்டாள்.

"அஞ்சுக்க கூட்டுக்காரிகளுக்கு" என்றார். செல்லத்தாய் உள்ளே போய் ஒரு வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

முதல் தடவை சுசீந்திரம் தேருக்குப் போனார்கள். வண்டி நின்றதும் பெண் போலீசார் தூரத்திலிருந்து பார்த்தார்கள், பக்கத்தில் வரவில்லை. பிறகு பெமிலா வந்தாள். ஏட்டு, அஞ்சுவோடு வேலை பார்த்தவள். உள்ளே போய்விட்டு இறங்கியவள் செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொருத்தி இறங்கியதும் செல்லத்தாய் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவளுக்கு அருவருப்புத் தோன்றவே இல்லை. அஞ்சு உயிரோடு இருந்தபோதே இந்த வேலையைச் செய்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

எங்கே பந்தோபஸ்து என்று பெமிலா போனில் சொல்வாள். முட்டத்தில், குளச்சலில், தோவாளையில் என்று எங்கே நின்றாலும் வண்டி போனது. வருகிறவர்களில் நந்தனா என்ற சின்னப்பெண் செல்லத்தாயோடு ஒட்டிக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்காருவாள்.

"அம்மா, இன்னொரு குப்பி வெள்ளம் தாருங்க."

தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிப்பாள். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைச் செல்லத்தாய் பார்த்துக்கொண்டே நிற்பாள். மகள் போனபின் அவள் நெஞ்சு கொஞ்சமாவது இளகியது அந்த நேரங்களில் மட்டும்தான்.

இப்படி இருக்கையில், ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வண்டி போனபோது டிவியிலிருந்து ஒருத்தி மைக்கோடு வந்தாள். பொன்னுலிங்கம் மகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். போலீஸ் பிள்ளைகள் யாராவது பேசினால் நன்றாக இருக்கும், முகத்தைக் காட்டமாட்டோம் என்றாள் அந்தப் பெண். எல்லோரும் நழுவிவிட்டார்கள். பெஞ்சில் நந்தனா மட்டும் இருந்தாள்.

"வேண்டாம்மா. தெரிஞ்சா தொலைச்சிருவாங்க" என்றாள் நந்தனா.

"முகம் தெரியாதுன்னுதானே சொல்லுதா. சொல்லு மக்கா. எங்க ஒரு வண்டி எத்தனை எடத்துக்கு ஓடும்? ஒனக்க வாயால ஒரு வார்த்தை சொன்னா, கவர்மெண்டே ஊரூருக்கு வண்டி விடும்லா? இன்னொரு பிள்ளை சாவப்பிடாதுட்டி."

நந்தனா தொப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு மைக்கில் சொன்னாள்: "எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம். ஒண்ணுக்குப் போக ஒரு மறைவு போதும்."

முகத்தை மறைத்தார்கள். குரலை மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே அது எல்லோருடைய போனிலும் ஓடியது. பொன்னுலிங்கத்தை யார் யாரோ கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஒரு சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். செல்லத்தாய்கூட, இனி ஏதாவது நடக்கும் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த பந்தோபஸ்தில் வண்டியை நிறுத்திய உடனே இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வண்டிய எடுங்க."

"சார், பிள்ளைகளுக்கு..." என்று பொன்னுலிங்கம் இழுத்தார்.

"உங்க மகள் போனதுல எங்களுக்கும் வருத்தம்தான் பெரியவரே. அதுக்காக டிபார்ட்மென்ட் மானத்த டிவியில ஏத்துவியளா? போலீஸ்காரி ஒண்ணுக்குப் போகவும் பிச்சை எடுக்கான்னு ஊரு சிரிக்கி. மேலேருந்து என்னைத்தான் கேக்கான். எடுங்க."

அவருடைய கண்களும் தூங்காமல் சிவந்துதான் இருந்தன. ரோட்டோரம் நின்ற பிள்ளைகள் ஒருத்தியும் இந்தப்பக்கம் திரும்பவில்லை. அவர்களில் நந்தனாவைக் காணவில்லை.

அவளை மலைப்பக்கம் கேரள எல்லையில் ஒரு சோதனைச் சாவடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று பெமிலா ரகசியமாகப் போன் செய்து சொன்னாள். செல்லத்தாய் அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடந்தாள். மறுநாள் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரப்பர் தோட்டத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, குறுக்கே ஒரு கம்பு. நாலு ஆண் போலீசாருக்கு நடுவே நந்தனா ஒருத்தி. டெம்போவைக் கண்டதும் ஓடி வந்தாள். சந்தோஷத்தில் வருகிறாள் என்று செல்லத்தாய் கையை நீட்டினாள்.

"எதுக்கும்மா வந்திய? போங்க. தயவுசெஞ்சு போங்க."

அவள் முகம் அதைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே வீக்கம், உதடு தோலுரிந்து கிடந்தது. அந்த முகத்தைச் செல்லத்தாய்க்குத் தெரியும். அஞ்சு கடைசி மாதங்களில் அந்த முகத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். அப்போது வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்துவிட்டாள்.

"வெள்ளம் குடிக்கியா மக்கா? காய்ச்சல் அடிக்கா? லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வா, எங்க வண்டியிலயே போவலாம்."

"லீவா? கேட்டாச்சு. அதுக்கும் டிவியில போய்ச் சொல்லுன்னு சொல்லுதாங்க." நந்தனா சாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நீங்க இங்க வந்தது தெரிஞ்சா இதைவிடத் தூரத்துக்குத் தூக்கி அடிப்பாங்கம்மா. எனக்க வீட்டுல நான் சம்பாதிச்சாத்தான் அடுப்பு எரியும். இனி வராதீங்க."

செல்லத்தாய் கொண்டுவந்த தண்ணீர்க் குப்பியை நீட்டினாள். அதையும் வாங்காமல் நந்தனா திரும்பிப் போய்விட்டாள். மலை இறங்கும்போது பொன்னுலிங்கம் பாதி வழியில் வண்டியை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். செல்லத்தாய்க்கு அழுகை வரவில்லை. சொல்லு மக்கா, சொல்லு மக்கா என்று தன் குரலே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

மழைக்காலம் தொடங்கிய சமயம், நந்தனா சாவடியிலேயே மயங்கி விழுந்தாள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நந்தனாவின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். செல்லத்தாயின் வயதுதான் இருக்கும்.

"நீ யாரு?"

"செல்லத்தாய். அந்த வண்டி..."

அவள் எழுந்து நின்றாள். "நீதான் எனக்க மவளப் பேசச் சொன்னவளா?"

செல்லத்தாய் தலையை ஆட்டினாள்.

"ஒனக்க மவ போனது போதாதா? எனக்குள்ளதயும் கொண்டுபோவணுமா?"

பொன்னுலிங்கம் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். செல்லத்தாய் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். அந்த அம்மாவின் காலில் விழலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விழுந்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிள்ளையின் கால் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

நந்தனா பிழைத்துக்கொண்டாள். ஒரு சிறுநீரகம் போய்விட்டது. இன்னொன்றைப் பற்றி டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. இனி அவளால் நின்று வேலை பார்க்க முடியாது என்றும் ஆபீஸ் வேலை கேட்டு அலைகிறாள் என்றும் பெமிலா சொன்னாள். அதுதான் பெமிலாவின் கடைசிப் போன். பிறகு கூப்பிட்டாலும் அவள் எடுக்கவில்லை.

பேப்பரில் பார்த்து, அமைச்சர் வருகிற நாளில் இருவரும் மறுபடி புறப்பட்டார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல், நெடுஞ்சாலையிலிருந்து தள்ளி ஒரு காலி மனையில் வண்டியை நிறுத்தினார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. செல்லத்தாய் கதவைத் திறந்து வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தாள். வரிசையாகப் பிள்ளைகள் நின்றார்கள், பலரும் புதிய முகங்கள். கடைசியில் நின்றவளிடம் போய், "மக்கா, பக்கத்துலதான் வண்டி நிக்கி. போயிட்டு வா. இந்தா, ஒரு வாய் வெள்ளம் குடி" என்றாள்.

அந்தப் பெண்ணின் கண் முதலில் குப்பிக்கும் பிறகு இன்ஸ்பெக்டரின் ஜீப் நின்ற பக்கத்துக்கும் போனது.

"வேண்டாம்மா. நாங்க குடிக்க மாட்டோம்."

எதிர்ப்பக்கம் பெமிலா நின்றுகொண்டிருந்தாள். செல்லத்தாயைக் கண்டாள். கண்டுவிட்டு முகத்தை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய முகமும் அதைத்துத்தான் இருந்தது.

உச்சிவெயில் சாய்ந்தும் கார் வரவில்லை. வண்டிக்கும் யாரும் வரவில்லை.

"போவோமா?" என்று பொன்னுலிங்கம் கேட்டார்.

"எங்க போவ?" என்றாள் செல்லத்தாய்.