காற்றுக்குக் கட்டிய தார்ப்பாய்

கம்பெனி முற்றத்தில் டிரைவர் ஒருவன் தன் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு துரும்பு கிடையாது. மூங்கிலை வளைத்து நிறுத்தி அதன்மேல் பாயை இழுத்துவிட்டால், பார்ப்பவனுக்கு வண்டி நிறைய லோடு இருப்பதாகத்தான் தெரியும். எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து இந்த வேலை எல்லா டிரைவருக்கும் கைவந்த கலையாகிவிட்டது.

கட்டி முடித்ததும் மாடி ஜன்னலைப் பார்த்துக் காற்றில் விரலால் கிறுக்கிக் காட்டினான். கையெழுத்து ஆயிற்றா என்று அர்த்தம்.

ஜன்னலில் நின்றவள் அவன் அக்கா. காவலாளி முதல் மேனேஜர் வரை அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்துக்குச் சரக்குக் கொண்டுபோகும் காண்டிராக்ட் அந்தக் கம்பெனியிடம் இருந்தது. என்ன செலவானாலும் அரசாங்கம் கொடுத்துவிடும், அதற்குமேல் செலவில் ஒரு பங்கை லாபமாகவும் தரும். செலவு ஏற ஏற லாபமும் ஏறும் என்றால் எந்த மடையன் வண்டியைச் சும்மா நிறுத்திவைப்பான்? சரக்கு இல்லாத நாளிலும் லாரிகள் எல்லைக்குப் போய் வந்தன. பில்லில் சரக்கு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு அவள் கையெழுத்துப் போடுவாள். மேனேஜர் பிறகு தோதாக எதையாவது எழுதிக்கொள்வார்.

தம்பி பில்லை வாங்க மேலே வந்தான்.

"காத்த ஏத்திக்கிட்டுப் போறேன்க்கா. எறக்குகூலி மிச்சம்."

"வெளையாடாத. அந்த ரோட்டுல குண்டு விழுதாம்டா."

"நீ கையெழுத்துப் போடலைன்னா நான் ஏன் போறேன்? வீட்ல படுத்துத் தூங்குவேன்ல." பல்லைக் காட்டிவிட்டுப் போனான். அவளும் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கே குண்டு விழுந்தது. தம்பி என்று ஒரு மூட்டையைக் கொடுத்தார்கள். திறந்து பார்க்க வேண்டாம் என்றார்கள்.

அவள் திரும்ப வேலைக்கு வந்தபோது மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது.

"தம்பி பொண்டாட்டிக்கு நஷ்டஈடு வாங்கணுமில்ல? சரக்கோட போனாத்தான் குடுப்பாங்க. வெறும் வண்டின்னா, அவனா எடுத்துட்டு ஊர்சுத்தப் போனான்னு ஆயிடும்."

"நீங்கதானே சார் அனுப்பினீங்க!"

"யாரு இல்லேன்னா? அதான் சொல்றேன். இந்தா, அந்தப் பில்லோட ஆபீஸ் காப்பி. வண்டி நெறைய மருந்துன்னு இதுல நீயே எழுதிடும்மா. அவளுக்கும் காசு வரும், எரிஞ்ச மருந்துக்கு நமக்கும் வரும்."

அடப்பாவி, செத்தவன் தலையிலும் லோடு ஏற்றுகிறாயே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பில்லைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் தம்பி மனைவிக்குக் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அவர்களை நடுத்தெருவில் விடவா?

"எத்தனை பெட்டி சார்?"

"வண்டி கொள்ற அளவுக்கு எழுதேன்."

எழுதினாள். எழுத்து எப்போதும்போல் முத்துமுத்தாக விழுந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காசோலை கொடுக்க ராணுவ அதிகாரியே கம்பெனிக்கு வந்தார். காயம்பட்ட பையன்களுக்கு மருந்து கொண்டுவந்தவர் உங்கள் கணவர் என்று தம்பி மனைவியிடம் தழுதழுத்தார். அவர் போன பிறகு அவள் குழந்தையோடு கணக்கக்காவின் மேஜையருகே வந்து உட்கார்ந்தாள். காசோலையை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"அண்ணி, அந்த மருந்து வரும் வரும்னு எத்தனை பேரு காத்துக் கெடந்து செத்தாங்களோ," என்றாள். "இவரு இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டியிருக்கலாமில்ல?"

கணக்கக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே புது டிரைவர் டயரில் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். பாய் நன்றாக உப்பியிருந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்து, காற்றில் விரலால் கிறுக்கிக் காட்டினான்.